சின்ன ஊர்க் கல்லூரியில் பி.ஏ. வரலாறு

போன ஜூனில் ஒரு நாள் சாயங்காலம், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ். "அண்ணா, பி.காம். சீட் முடிஞ்சு போச்சாம். ஹிஸ்டரிதான் இருக்குன்னு சொல்றாங்க. எடுக்கட்டுமா?" என்றாள். மறுநாள் காலைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பின்னால் வண்டியில் அவள் அப்பா ஒரு காலை ஊன்றியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடும்மா, ஆனா சும்மா உட்கார்ந்துட்டு வராதே" என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை என்று அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. நானும் 2009-இல் அப்படி வந்து சேர்ந்தவன்தான், எனக்கும் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அதனால் அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது, ஏன் அது அப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சேர்க்கை. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இப்போது ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் போடுகிறோம். தமிழ் இலக்கியம் என்றால் தமிழ் மதிப்பெண் பார்ப்பார்கள், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். மற்ற பாடங்கள் அத்தனைக்கும் மொழிப்பாடங்களைத் தள்ளிவிட்டு, மீதி நான்கு பாடங்களில் 400-க்கு எத்தனை என்று ஒரே தரவரிசைதான். வரலாற்றுக்கென்று தனி வரிசை கிடையாது. பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவனும் அக்கவுண்டன்சி எடுத்தவளும் தொழிற்பிரிவில் வந்தவளும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். பட்டியலின் மேல்பகுதி கணினி அறிவியலுக்கும் பி.காமுக்கும் போய்விடும், அப்புறம் அறிவியல் பாடங்கள், கடைசிக் கட்டத்தில் வரலாறும் பொருளாதாரமும் மிஞ்சி நிற்கும். வரலாறுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் என் வகுப்பில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறு எதுவும் கிடைக்காமல் வந்து சேர்ந்தவர்கள்தான் அந்த வகுப்பு என்பது எல்லாருக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும், அந்த நினைப்பு மூன்று வருஷமும் பெஞ்சில் கூடவே உட்கார்ந்திருக்கும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்தான் பெரும்பாலும். ராத்திரி கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலை பார்த்துவிட்டுக் காலை முதல் மணியில் தூங்குகிறவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். பல அரசுக் கல்லூரிகளில் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்ட் நடப்பதால் மீதி அரை நாள் துணிக்கடைக்கோ வயலுக்கோ போகிறவர்கள் உண்டு. கட்டணம் பெரிதாக இல்லை. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022-இலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும் பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ் பாஸ் போக அந்த ஆயிரம்தான் பல பெண்களைப் படிப்பை விடாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். நோட்டு, ஜெராக்ஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அதில்தான்.

சரி, உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள்?

மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். தமிழும் ஆங்கிலமும் முதல் நான்கு செமஸ்டருக்குக் கூடவே வரும். மேஜர் என்று பார்த்தால் இந்திய வரலாறு நான்கைந்து துண்டுகளாக, தமிழக வரலாறு இரண்டு மூன்று துண்டுகளாக, ஐரோப்பா, அமெரிக்கா, பல இடங்களில் இங்கிலாந்து, சில இடங்களில் சீனாவும் ஜப்பானும், கடைசி வருஷத்தில் வரலாற்று வரைவியல், அதாவது வரலாற்றை எப்படி எழுதுகிறார்கள் என்பது. பக்கவாட்டில் அரசியலமைப்பு, சுற்றுலா, மனித உரிமைகள், தொல்லியல் அறிமுகம் மாதிரித் தாள்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும். 2023 வாக்கில் மாநில உயர்கல்வி மன்றம் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து, எல்லாரும் கிட்டத்தட்ட இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றது, அதற்கு ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் நடந்தது. ஆனால் எலும்புக்கூடு பழையதுதான்.

அந்த எலும்புக்கூட்டைக் காட்ட ஒரே ஒரு ஆண்டு போதும்: 1206. இந்திய வரலாற்றின் முதல் தாள் பல இடங்களில் 'தொடக்கம் முதல் 1206 வரை' என்று முடியும். 1206-இல் டில்லியில் குத்புதீன் ஐபக் ஆட்சிக்கு வந்தார், சுல்தானிய காலம் தொடங்கியது. சரிதான். ஆனால் அந்த வருஷம் நம் பக்கம் என்ன நடந்தது? மூன்றாம் குலோத்துங்கன் சோழ நாட்டை ஆண்டுகொண்டிருந்தான், இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆளவும் போகிறான். தகடூர்ப் பக்கம், அதாவது இன்றைய தர்மபுரியில், அவனுக்கு அடங்கிய அதியமான் மரபுக்காரன் விடுகாதழகிய பெருமாள் இருந்தான். இங்கே எந்தக் கதவும் 1206-இல் மூடவில்லை, எதுவும் திறக்கவும் இல்லை. தர்மபுரியில் உட்கார்ந்து படிக்கிற பையன், டில்லியின் கடிகாரத்தைப் பார்த்துத் தன் ஊரின் காலத்தைப் பிரித்துக்கொள்கிறான். அதில் ஏதோ பொருந்தவில்லை என்று அவனுக்குத் தோன்றுவதற்குள் அடுத்த யூனிட் வந்துவிடும்.

இதற்கு யாரையும் குறிப்பாகத் திட்ட முடியாது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்தார்கள். தேர்வு நடத்துவதும் பட்டம் கொடுப்பதும்தான் அதன் வேலை, பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. அந்த ஏற்பாட்டில் வரலாறு என்றால் இங்கிலாந்தின் வரலாறு முன்னால் நின்றதில் ஆச்சரியமில்லை. இந்திய வரலாற்றுக்கென்று அங்கே ஒரு துறை வந்ததே 1914-இல்தான். அப்புறம் கிருஷ்ணசாமி அய்யங்கார், நீலகண்ட சாஸ்திரி என்று பெரிய ஆட்கள் வந்து, கல்வெட்டுகளை அடுக்கி வைத்துத் தென்னிந்திய வரலாற்றை எழுதினார்கள். அந்த ஆராய்ச்சியின் பலன் பாடப்புத்தகத்துக்கு வந்து சேர்ந்தது, செய்முறை மட்டும் வரவில்லை. ராஜராஜன் எந்த நாடுகளைப் பிடித்தான் என்பது வந்தது. அது எந்தக் கல்லில் எந்த வரியில் இருக்கிறது, அதை எப்படிப் படித்தார்கள் என்பது பல்கலைக்கழகத்தின் முதுகலை, முனைவர் பட்ட அறைகளோடு நின்றுவிட்டது. தேர்வு ஓரிடத்தில், வகுப்பு வேறிடத்தில் என்கிற 1857-இன் ஏற்பாடும் பெரிதாக மாறவில்லை. கேள்வித்தாள் எங்கிருந்தோ வருகிறது, அதனால் பாடம் அந்தக் கேள்வித்தாளைப் பார்த்தே நடக்கிறது.

தேர்வை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. அந்த எழுபத்தைந்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, பத்து மதிப்பெண் மூன்று. 'குடவோலை முறை பற்றி விவரி' என்பது பத்து மதிப்பெண் கேள்விகளில் பழம் தின்று கொட்டை போட்டது. கைடில் விடை இருக்கும்: முன்னுரை, உறுப்பினர் தகுதிகள், தகுதியின்மைகள், தேர்தல் நடைமுறை, வாரியங்கள், முடிவுரை. சைடு ஹெட்டிங்கை அடிக்கோடிட்டு மூன்றரைப் பக்கம் எழுதினால் ஏழு மதிப்பெண் உறுதி. முடிவுரையில் 'இக்கால மக்களாட்சிக்கு முன்னோடியாகத் திகழ்ந்தது' என்று ஒரு வரி போட வேண்டும். நானும் போட்டேன்.

குடவோலை என்றால் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கப் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவது. இப்போது அந்த விதிகள் இருக்கிற உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு. இரண்டும் சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்தவை: அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, அதாவது 919, 14-ஆம் ஆட்சியாண்டில் இன்னொன்று, 921. முதல் ஏற்பாட்டில் உறுப்பினராக வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் அது 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறுகிறது. தகுதிகளும் தடைகளும் இரண்டாவதில் நீளமாகின்றன. முன்பு வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் வரக் கூடாது, அவனுடைய இன்ன இன்ன உறவினர்களும் வரக் கூடாது என்று பட்டியல் போகிறது. இதைப் படிக்கிற யாருக்கும் ஒரு சந்தேகம் வர வேண்டாமா? இரண்டே வருஷத்தில் ஏன் விதியை மாற்றினார்கள்? யாரோ இளவட்டம் பணத்தைக் கையாடிவிட்டதா? மைத்துனனை நிறுத்தி ஜெயிக்க வைத்தார்களா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. ஆனால் சும்மா இருக்கிற ஊரில் இப்படி ஒரு விதியை யாரும் வெட்டி வைக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஊர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர். குடத்தில் ஓலை போட வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் உழுதவன் பேர் எந்த ஓலையிலும் இல்லை, பெண்கள் பேரும் இல்லை. வேளாண் ஊர்களுக்கு 'ஊர்' என்ற வேறு சபை இருந்தது, ஆனால் அங்கே இப்படி எழுதி வைத்த விதிகள் இந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் 'மக்களாட்சிக்கு முன்னோடி' என்பதை எவ்வளவு தூரம் சொல்லலாம்? கணக்குக் கேட்பது, பதவியைச் சுற்றில் விடுவது, குலுக்கல் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது, இவை எல்லாம் நிஜமாகவே ஆச்சரியமான ஏற்பாடுகள். அதோடு, அது ஒரு சின்ன வட்டத்துக்குள் நடந்ததும் நிஜம். இந்த இரண்டையும் ஒரே விடையில் எழுதப் பழகுவதைத்தான் நான் வரலாறு படிப்பது என்பேன். கேள்வித்தாளில் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. திருத்துகிறவர் ஒரு நாளைக்கு இத்தனை தாள் முடித்தாக வேண்டும், அவர் கண் சைடு ஹெட்டிங்கைத்தான் தேடும்.

ஆசிரியர்கள் ஏன் இதை வகுப்பில் பேசுவதில்லை என்று கேட்டால், பேசுகிறவர்கள் உண்டு என்பதுதான் முதல் பதில். எனக்கு ஒருவர் அமைந்தார். இரண்டாவது பதில் கொஞ்சம் கசப்பு. சின்ன ஊர்க் கல்லூரித் துறையில் நிரந்தரப் பணியில் இருப்பவர் ஒருவர், இருவர், சில இடத்தில் யாருமே இல்லை. மீதி எல்லாம் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம். சில ஆண்டுகளுக்கு முன்புதான் அவர்கள் சம்பளம் மாதம் 20,000-லிருந்து 25,000 ஆனது, அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம், மே மாதம் கிடையாது. பி.எச்டி. முடித்து, கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான நெட் தேறி, நாற்பது வயது தாண்டி, மே மாதத்தில் வேறு வேலை தேடுகிறவரிடம் போய் உத்திரமேரூருக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள் சார் என்று கேட்கவே நமக்குக் கூச்சமாக இருக்கும். 2024 மார்ச்சில் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் என்று அறிவிக்கை வந்தபோது எங்கள் பழைய துறையில் வகுப்பைவிட அதைப் பற்றிய பேச்சுதான் அதிகம் நடந்ததாகக் கேள்வி. எப்படி நடக்காமல் இருக்கும்?

அப்புறம் டி.என்.பி.எஸ்.சி. இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாற்றைப் பற்றிப் பேசவே முடியாது. "ஹிஸ்டரி எடுத்தா குரூப் தேர்வு ஈசி" என்பது ஊர் முழுக்கச் சொல்கிற சமாதானம். பாதி உண்மை. பொது அறிவுப் பகுதியில் வரலாறும் தேசிய இயக்கமும் அரசியலமைப்பும் கணிசமாக வரும். 2019 வாக்கில் தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் என்று தனி அலகே சேர்த்தார்கள், போட்டித் தேர்வர்கள் அதை 'யூனிட் எட்டு' என்றே கூப்பிடுவார்கள். ஆனால் குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். 200 கேள்வியில் 100 தமிழ், 25 கணக்கு, மீதி 75-க்குள்தான் அறிவியல், புவியியல், பொருளாதாரத்தோடு வரலாறும் நெருக்கியடித்து நிற்கிறது. அந்தக் கேள்விகளுக்கு வேண்டிய சரக்கு முழுக்க 2018-க்குப் பிறகு வந்த பள்ளிப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்தப் பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் எங்கள் கல்லூரி கைடுகளைவிடப் பல மடங்கு ஒழுங்கான புத்தகம். ஆக இயற்பியல் படித்தவளும் ஆறு மாதம் உட்கார்ந்தால் அந்தக் கேள்விகளை அடித்துவிடுவாள். பட்டத்தால் கிடைக்கிற முன்னுரிமை என்று எதுவும் இல்லை. பெயர்களோடு ஏற்கெனவே பழக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

இதன் பின்விளைவு ஒன்று வகுப்புக்குள் நடக்கிறது. மாணவர்களே பாடத்தைக் கொள்குறி வினாவாக மாற்றிக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆசிரியர் வேலூர்ப் புரட்சி ஏன் நடந்தது என்று தொடங்கினால், பின் பெஞ்சிலிருந்து "சார், தேதி?" என்று வரும். 1806 ஜூலை 10. எழுதிக்கொண்டார்கள். கேள்வி செத்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

என் அம்மாவின் ஊர் செங்கம் பக்கம். ஏரிக்கரையில் ஒரு வேடியப்பன் கோயில் உண்டு. கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை, புளியமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக் கல், அதன்மேல் வருஷக்கணக்காக ஊறிய எண்ணெயும் மஞ்சளும். சின்ன வயதில் அங்கே பொங்கல் வைத்திருக்கிறோம், கிடா வெட்டியிருக்கிறோம். பி.ஏ. மூன்று வருஷமும் முடித்து, பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்கள் பன்னிரண்டையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிறகும், அந்தக் கல் ஒரு நடுகல் என்பது எனக்குத் தெரியாது. வில்லை வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆள், அவனுக்குப் பக்கத்தில் எழுத்து. அந்த எழுத்தைக் கீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் இப்படி ஏராளமான கற்கள் இருக்கின்றன. மாட்டு மந்தையை ஓட்டிப்போக வந்தவர்களோடு சண்டை போட்டு மீட்டு இறந்தவனுக்கும், ஓட்டிப்போகப் போய் இறந்தவனுக்கும் நட்ட கற்கள். மந்தைக்கு அந்தக் கற்களில் 'தொறு' என்று பெயர். பல்லவர் கால நடுகற்கள் பல வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் இருக்கும், 'கோவிசைய' என்று அரசன் பெயரோடு தொடங்கி, அவனுடைய எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர்த் தொறு, எப்படிப் பட்டான் என்று மூன்று நான்கு வரியில் முடிந்துவிடும். 'பட்டான்' என்றால் செத்தான். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆண்டு. எருமை மந்தையைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்மனைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிற எல்லாரும் குடைவரைக் கோயில், மத்தவிலாச நாடகம், புலிகேசியோடு போர் என்று எழுதுவார்கள். அதே அரசனின் ஆண்டுக் கணக்கில் ஒரு நாய்க்கும் இடம் கொடுத்த ஊர், நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதல்ல. அந்தக் கற்களில் அரசனைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை, மாடு இருக்கிறது. அந்த நிலத்தில் அப்போது செல்வம் என்றால் நெல் இல்லை, கால்நடை என்று தெரிகிறது. சண்டையில் செத்தவன் எந்தத் தலைவனின் ஆள் என்று தெரிகிறது. காஞ்சியில் இருந்த அரசனின் பெயர் இவ்வளவு உள்ளே வரை வந்திருக்கிறது, ஆனால் காவலுக்கு அவன் ஆள் யாரும் வந்ததாகத் தெரியவில்லை. இத்தனையும் நான்கு வரியில். தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்து நடுகல் இன்னும் ரொம்பப் பழையது, அதிலும் 'ஆகோள்' என்று மாடு கவர்வதுதான் பேச்சு. சங்கப் பாட்டில் வெட்சி (மாடு கவர்வது), கரந்தை (மாடு மீட்பது) என்று தமிழ் வகுப்பில் படித்ததும் இதுவும் ஒன்றுதான் என்பதை இரண்டு துறைகளும் ஒரே கட்டடத்தில் இருந்தும் யாரும் எங்களுக்குச் சேர்த்துச் சொல்லவில்லை.

எங்கள் மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட் என்று ஒன்று இருந்தது. ஐம்பது பக்கம், ஸ்பைரல் பைண்டிங். கல்லூரி எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் முன்வருஷத்து அண்ணன்களின் புராஜெக்டுகள் சாஃப்ட் காப்பியாகவே இருக்கும், பெயரையும் பதிவு எண்ணையும் மாற்றித் தருவார்கள். நான் வாங்கிய தலைப்பு 'காந்தியடிகளின் கிராமியச் சிந்தனைகள்'. அதை நான் முழுதாக ஒருமுறைகூடப் படிக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் வந்தவரும் கேட்கவில்லை. அதே ஐம்பது பக்கத்துக்குப் பதில், அம்மா ஊரில் வி.ஏ.ஓ. ஆபீஸில் நிலக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்த்து ஏரி எந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பு என்று குறித்து, மதகு யார் பொறுப்பில் இருந்தது என்று இரண்டு கிழவர்களைக் கேட்டு, அந்தக் கல்லைப் படம் எடுத்திருந்தால் இருபது பக்கத்தில் உருப்படியாக ஒன்று வந்திருக்கும். பெரிய ஊர்க் கல்லூரிக்காரனுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் பக்கத்தில் இருக்கின்றன. எங்களுக்கு ஏரிக்கரை பக்கத்தில் இருந்தது. அது ஒரு சொத்து என்றே யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கீழடி என்றால் எல்லாரும் 2014-க்குப் பிறகு நடந்த அகழாய்வையும் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தையும் சொல்வார்கள். அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1970-களில், அந்த ஊர்ப் பள்ளியில் வரலாறு நடத்திய ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் எடுத்து வந்த பழம்பொருள்களைப் பார்த்து, இது சாதாரண மண் இல்லை என்று தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்தியிருக்கிறார். அவர் தோண்டவில்லை, எதையும் நிரூபிக்கவில்லை. என்ன பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மொழி விஷயம் ஒன்று. சின்ன ஊர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு பெரும்பாலும் தமிழ் வழி. அது நல்லதுதான், புரிந்து படிக்கலாம். பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்து வந்திருந்தால் அரசு வேலையில் தமிழ் வழிக்கான 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு. சிக்கல் எங்கே என்றால், நல்ல ஆராய்ச்சி நூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது, நெட் தேர்வில் வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால் மூலச் சான்றுகள், அதாவது கல்வெட்டுகள், தமிழில்தான் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890-இலிருந்து வருகின்றன, அவற்றிலும் மாநிலத் தொல்லியல் துறை வெளியீடுகளிலும் பலவற்றை இப்போது இணையத்தில், தமிழ் மின் நூலகம் மாதிரி இடங்களில், காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். லண்டனில் இருக்கிற ஆராய்ச்சியாளர் ஆறு மாதம் கஷ்டப்பட்டுப் படிக்கிற வரியை நம் பிள்ளை பத்து நாள் பழகினால் பாதி புரிந்துகொள்வாள். 'சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு' என்று ஒரு வரி வரும். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க 96 ஆடு கொடுத்தார்கள். வாங்கிய மன்றாடி, அதாவது இடையர், தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகுமே, கிழடாகுமே என்றால், மந்தை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை அதே 96, அதனால் கணக்கில் அது சாகாது, கிழடாகாது. இதைப் புரிந்துகொள்ள எந்த ஆங்கிலமும் வேண்டாம். ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண்ணுக்கு அது எனக்குப் புரிந்ததைவிடச் சீக்கிரம் புரியும்.

வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவள் அப்பா வண்டியில் காத்திருந்தது அதற்காகத்தான். இந்தப் பட்டத்தை மட்டும் வைத்து நேராகக் கிடைக்கிற வேலை என்று ஒன்றும் இல்லை. பி.எட். சேர்ந்தால் இன்னும் இரண்டு வருஷம். அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் இரண்டாம் தாள், அதில் 150-க்கு 60 சமூக அறிவியல். டெட் தேறியதும் வேலை என்பதும் இல்லை, 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு. எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். எம்.ஏ. முடித்தவர்களுக்கு மாநிலத் தொல்லியல் துறை உதவித்தொகையோடு ஒரு முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது, இடம் மிகக் குறைவு, ஆனால் கல்வெட்டும் அகழாய்வும் கையால் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. குரூப் தேர்வுகள் எப்படியும் இருக்கின்றன. என் கூடப் படித்தவர்களில் போலீஸ், நர்சரிப் பள்ளி, செல்போன் கடை, ஒருவன் வி.ஏ.ஓ., ஒருத்தி வழக்கறிஞர். நான் இப்போது என்ன செய்கிறேன் என்பது இந்தப் பட்டத்தோடு சம்பந்தம் இல்லாதது, எம்.ஏ. மட்டும் தபாலில் முடித்தேன். வட்டெழுத்து கற்றது முப்பது வயதுக்கு மேல், ஒரு கோடை முகாமில்.

அந்தப் பெண் சேர்ந்துவிட்டாள். டிசம்பரில் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் பாட்டி ஊரில் ஒரு கல். "அண்ணா, இது எழுத்தா, கீறலா?" வெயிலில் நேராக எடுத்த படம், மஞ்சளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பகலில் எடுக்காதே, இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழும், அப்போது எடு, சுண்ணாம்போ சாக்பீஸோ பூசிவிடாதே, பூசாரியிடம் கேட்டுவிட்டுத் தொடு என்று எழுதினேன். மூன்று நாள் கழித்து நான்கு படம் வந்தது. அவள் தம்பி டார்ச் பிடித்திருக்கிறான், ஓரத்தில் அவன் கை தெரிகிறது. ஐந்து வரி. முதல் வரியில் 'கோவிசைய' வரைக்கும் எனக்குத் தெளிவாக வந்தது, அதற்குப் பிறகு எண்ணெய்ப் பிசுக்கு. அவளுக்கு வட்டெழுத்து அட்டவணை ஒன்றை அனுப்பிவிட்டு, மூன்றாவது வரியில் 'தொறு' இருக்கிறதா பார் என்றேன். பார்த்துக்கொண்டிருக்கிறாள்.